காவலரா, காப்பாளரா, பாதுகாவலரா? எந்த இடத்துக்கு எது?

மொழிமேசை எழுதியது:

குழந்தைகள் இல்லம் ஒன்றின் பணியாளர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரே கையேடு, இரண்டு பதிப்பு: ஒன்று தமிழ்நாட்டுக்கு, ஒன்று யாழ்ப்பாணத்துக்கு. மூலத்தில் செக்யூரிட்டி, வார்டன், கேர்டேக்கர், கார்டியன், கஸ்டடி, டிரஸ்டி எல்லாம் வெவ்வேறு ஆட்களாகவும் பொறுப்புகளாகவும் வருகின்றன. அகராதியைத் திறந்தால் காவலர், காப்பாளர், பாதுகாவலர் என்ற மூன்றுக்குள்ளேயே சுற்றுகிறது. முதல் வரைவில் வாசலில் நிற்பவரும் காவலர், விடுதியைப் பார்ப்பவரும் காவலர், பிள்ளையின் சித்தப்பாவும் காவலர். படித்துப் பார்த்தவர்களுக்கு யார் யாரென்று புரியவில்லை.

கேட்க வேண்டியவை:

1. தமிழ்நாட்டு அரசு வழக்கில் எந்தச் சொல் எந்தப் பதவிக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது?
2. சட்டப்படியான கார்டியனுக்கு எது சரி?
3. இலங்கைப் பதிப்பில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?
4. இல்லத்தைச் சுற்றி இரவு ரோந்து போகும் தன்னார்வலர் குழுவுக்கு “ஆபத்துதவிகள்” அல்லது “வேளைக்காரர்” என்று பெயர் வைக்க நிர்வாகம் ஆசைப்படுகிறது. வைக்கலாமா?

---

பதிவறை எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

அகராதிப் பொருளைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் குழப்பம் தீராது. தமிழ்நாட்டில் இந்தச் சொற்கள் பதவிப் பெயர்களாக இறுகிவிட்டன. “காவலர்” என்று தனியாக எழுதினால் படிப்பவர் மனதில் வருவது போலீஸ். இரண்டாம் நிலைக் காவலர், முதல்நிலைக் காவலர், தலைமைக் காவலர் வரைதான் அந்தச் சொல். அதற்கு மேலே போனால் உதவி ஆய்வாளர், ஆய்வாளர், கண்காணிப்பாளர் என்று பெயரிலிருந்தே காவலர் என்ற சொல் போய்விடும். சிறைத்துறையில் கீழ்நிலைப் பணியாளர் சிறைக் காவலர், அவருக்கு மேலே சிறை அலுவலர். ஆகவே உங்கள் கையேட்டில் “காவலரிடம் தெரிவிக்கவும்” என்று எழுதினால் பாதிப் பேர் காவல் நிலையத்துக்குப் போன் போடுவார்கள்.

வாசலில் நிற்பவருக்குக் “காவலாளி” போதும். -ஆளி என்று முடிவதால் மரியாதைக் குறைவு என்று சிலர் தயங்குகிறார்கள். தொழிலாளி, படைப்பாளி, அறிவாளி எல்லாம் அதே விகுதிதான். “காவலாளி வந்தார்” என்று வினையில் மரியாதை கொடுத்தால் தீர்ந்தது. பணி அமர்த்தல் ஆவணமாக இருந்தால் “இரவுக் காவலர்” என்று அடைமொழியோடு எழுதலாம். அரசு அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் அந்தப் பெயரில் பணியிடமே இருக்கிறது. அடைமொழி இல்லாமல் எழுதாதீர்கள், அவ்வளவுதான். பேச்சில் எல்லாரும் வாட்ச்மேன், செக்யூரிட்டி என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகள் படிக்கும் சுவரொட்டியில் “வாட்ச்மேன் மாமா” என்று போட்டாலும் தப்பில்லை. “வாயிற்காவலர்” மட்டும் வேண்டாம், அரண்மனை வாசலுக்கு உரியது.

விடுதி வார்டனுக்கு “காப்பாளர்”. ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம் போன்ற துறைகளின் விடுதிகளில் காப்பாளர், காப்பாளினி என்பவைதான் பதவிப் பெயர்கள். இங்கே காப்பாளர் என்றால் தடியோடு நிற்பவர் இல்லை. சாப்பாடு, வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்.

வனத்துறையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே வனக்காவலர் கீழ்ப்படி, அவருக்கு மேலே வனக்காப்பாளர், அதற்கு மேலே வனவர், பிறகு வனச்சரக அலுவலர். ஆங்கிலத்தில் வாட்ச்சர் என்பவர்தான் வனக்காவலர், கார்டு என்பவர் வனக்காப்பாளர். பத்திரிகைகளில் இந்த இரண்டும் மாறி மாறி வருவதைத் தினமும் பார்க்கலாம். இவர்கள் தவிர வேட்டைத் தடுப்புக் காவலர் என்று தனியாக ஒரு பிரிவு உண்டு. யானை விரட்டும் செய்திகளில் வருகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

கேர்டேக்கர் “பராமரிப்பாளர்”. டிரஸ்டி “அறங்காவலர்”. இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் வரும் கோயில்களால் பரவிய சொல் என்றாலும் மற்ற அறக்கட்டளைகளுக்கும் பொதுவாக வழங்குகிறது. கோயிலுக்கு அறங்காவலர் இல்லாத காலத்தில் துறை நியமிப்பவர் “தக்கார்”. அந்தச் சொல்லை வேறு எங்கும் இழுக்க வேண்டாம்.

---

வழக்கேடு எழுதியது:

இரண்டாம் கேள்வி. சட்டத்தில் கார்டியன் என்றால் “காப்பாளர்”. 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம், 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் இரண்டையும் தமிழில் குறிக்கும்போது அப்படித்தான் எழுதுகிறார்கள். மைனருக்கு “இளவர்”. பள்ளிப் படிவங்களில் “பெற்றோர் / பாதுகாவலர்” என்று அச்சிட்டிருப்பார்கள். அது கையெழுத்துப் போட வரும் பெரியவர் யாராக இருந்தாலும் பொருந்துகிற பொதுச்சொல். பத்திரங்களில் இன்னமும் “மைனருக்குத் தாயாரும் கார்டியனுமான” என்ற வாசகம்தான் ஓடுகிறது.

உங்கள் கையேட்டில் சிக்கல் என்னவென்றால், விடுதிக் காப்பாளரும் சட்டக் காப்பாளரும் ஒரே பக்கத்தில் வருவார்கள். அதனால் முதலாமவரை எப்போதும் “விடுதிக் காப்பாளர்” என்றும், இரண்டாமவரை “சட்டப்படியான காப்பாளர்” என்றும் முழுதாக எழுதுங்கள். சுருக்கவே கூடாது. கூட்டிக்கொண்டு போக வரும் சித்தப்பா, பாட்டி போன்றவர்களுக்குப் “பாதுகாவலர்”. இந்த வேறுபாடு வெறும் நடைக்காக இல்லை. பிள்ளையைப் பார்க்க வரும் உரிமை ஒருவருக்கு இருக்கலாம். அதனால் மட்டும் அவர் பிள்ளையின் பெயரிலுள்ள நிலத்தில் கை வைக்க முடியாது. இயற்கைக் காப்பாளரான அப்பாவோ அம்மாவோகூட, 1956 சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, நீதிமன்ற அனுமதி இல்லாமல் இளவரின் அசையாச் சொத்தை விற்க முடியாது. விற்றால் அந்தப் பிள்ளை 18 வயதான பிறகு 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டு அதை ரத்து செய்யலாம். படிவத்தில் எல்லாருக்கும் “காப்பாளர்” என்று போட்டுவிட்டால் பின்னால் யாராவது அதை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகக் காட்டுவார்கள்.

கஸ்டடிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. காவல் என்ற சொல்லுக்குக் காப்பது, அடைத்து வைப்பது என்று இரண்டு முகம். நீதிமன்றக் காவல், போலீஸ் காவல், தடுப்புக் காவல் எல்லாமே இரண்டாவது வகை. “குழந்தை தாத்தாவின் காவலில் உள்ளது” என்று எழுதினால் தாத்தா கடத்தி வைத்திருக்கிறார் என்று படும். “தாத்தாவின் பொறுப்பில் உள்ளது” என்று எழுதுங்கள். “பாதுகாப்பில்” என்பதும் பரவாயில்லை. ஆனால் “போலீஸ் பாதுகாப்பில்” என்பதும் “போலீஸ் காவலில்” என்பதும் நேர் எதிர் என்பது நினைவிருக்கட்டும்: முன்னதில் அவருக்கு ஆபத்து, பின்னதில் அவர்மேல் வழக்கு.

குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன் கீழ் வருபவர் “பாதுகாப்பு அலுவலர்”. மாவட்ட அளவில் பிள்ளைகளுக்கானவர் “மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்”. இருவரும் வேறு வேறு ஆட்கள், முழுப்பெயரையே போடுங்கள்.

---

வடமராட்சியான் எழுதியது:

யாழ்ப்பாணப் பதிப்புக்கு மேலே சொன்னதில் பாதி செல்லாது.

“காவலர்” எண்டால் எங்கட வாசகருக்குப் போலீஸ் ஞாபகம் வராது. இங்கே பொலிஸ் பொலிஸ்தான்: பொலிஸ் கான்ஸ்டபிள், சார்ஜன்ட், உப பொலிஸ் பரிசோதகர், பொலிஸ் பரிசோதகர், பொலிஸ் அத்தியட்சகர், உச்சியிலே பொலிஸ் மா அதிபர். “காவல் நிலையத்தில் முறையிடவும்” என்று எழுதாமல் “பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யவும்” என்று எழுதுங்கள். நிலையத்துக்குப் பொறுப்பானவர் “பொறுப்பதிகாரி”. ஆய்வாளர் என்றால் ஆராய்ச்சி செய்பவர் என்றே இங்கே எடுப்பார்கள்.

வாசலில் நிற்பவர் காவலாளி, அல்லது பாதுகாப்பு உத்தியோகத்தர். அலுவலர் என்று வரும் இடமெல்லாம் உத்தியோகத்தர் என்று ஒருமுறை மாற்றிப் பாருங்கள், முக்கால்வாசி சரியாகிவிடும். பாடிகார்டுக்கு இங்கத்தைப் பத்திரிகைகளில் “மெய்ப்பாதுகாவலர்”. கார்டியனுக்குப் “பாதுகாவலர்”. டிரஸ்டி “நம்பிக்கைப் பொறுப்பாளர்”, கோயிலென்றால் தர்மகர்த்தா. நீதிமன்றக் காவல் என்று நீங்கள் சொல்வது இங்கே “விளக்கமறியல்”. தடுப்புக்காவல் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இல்லத்தின் பெயர் முதலே மாறும்: குழந்தைகள் இல்லம் இங்கே “சிறுவர் இல்லம்”. பிள்ளைகள் விடயத்தில் நீங்கள் தொடர்புகொள்ள வேண்டியவர் நன்னடத்தை உத்தியோகத்தர். நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தைச் சேர்ந்தவர். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998-ஆம் ஆண்டின் 50-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது, அதன் அவசர இலக்கம் 1929. தமிழ்நாட்டுப் பதிப்பில் 1098 என்று இருக்கும். சொல்லையெல்லாம் மாற்றிவிட்டு இலக்கத்தை மாற்ற மறப்பவர்கள் உண்டு, கவனம்.

நாலாம் கேள்விக்கு ஒன்று: “ஊர்காவல்” என்ற பெயர் இங்கே எதற்கும் வைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் ஊர்க்காவல் படை என்றால் திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துபவர்கள். இங்கே ஊர்காவல் படை போர்க்காலத்தில் ஆயுதம் வைத்திருந்த படை. பெயரைக் கேட்டாலே சனம் ஒதுங்கும்.

---

மொழிமேசை எழுதியது:

மூவருக்கும் நன்றி. “காவலில்” என்று நான் எழுதிய 14 இடங்களையும் “பொறுப்பில்” என்று மாற்றிவிட்டேன்.

ஒற்றுச் சிக்கல் ஒன்று. தமிழ்நாட்டில் மெய்க்காப்பாளர் என்று க் போட்டும், சிலர் மெய்காப்பாளர் என்று போடாமலும் எழுதுகிறார்கள். வடமராட்சியான் ஊர்காவல் என்கிறார், சென்னை அறிவிப்புகளில் ஊர்க்காவல். எது சரி? நாலாம் கேள்விக்கும் யாராவது முழுப் பதில் தாருங்கள்.

---

கல்லெழுத்து எழுதியது:

ஒற்றிலிருந்து தொடங்குகிறேன். மெய்யைக் காப்பவர் என்று விரிகிறது. ஐ என்ற உருபு மறைந்து நிற்கிறது. இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது என்பது பொது விதி. வழியைக் காட்டுபவர் வழிகாட்டி, வழிக்காட்டி இல்லை. அதே கணக்கில் மெய்காப்பாளர், ஊர்காவல். கல்வெட்டுகளிலும் திருமெய்காப்பு, பாடிகாவல் என்றே க் இல்லாமல் பார்க்கிறோம். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் உள்ள ஊர்காவற்றுறையும் அதே வடிவம்தான்.

“அப்படியானால் சிறைக் காவலரில் க் ஏன்?” என்று கேட்பீர்கள். அவர் சிறையைக் காப்பவர் என்பதைவிடச் சிறையில் பணிசெய்யும் காவலர். நடுவில் உருபோடு சேர்த்து ஒரு சொல்லே மறைந்திருக்கிறது, அங்கே மிகும். இரவுக் காவலரும் அப்படியே. வனக்காப்பாளரில் நடப்பது வேறு: வனம் என்பதன் மகரம் கெட்டு வல்லெழுத்து வருகிறது. அறங்காவலரில் அதே மகரம் கெடாமல் ங் ஆகத் திரிகிறது. இரண்டும் இலக்கணத்துக்கு உட்பட்டவைதான், ஆனால் வழக்கு எதைப் பிடித்துக்கொண்டதோ அதைத்தான் எழுத வேண்டும். அறக்காவலர் என்று எழுதினால் கண்ணை உறுத்தும்.

இனி பெயர் விஷயம். வைக்க வேண்டாம் என்பது என் முடிவு. ஏன் என்று சொல்கிறேன்.

ஆபத்துதவிகள் பாண்டிய மன்னர்களின் அணுக்கப் படை; தென்னவன் ஆபத்துதவிகள் என்று வருவார்கள். அரசனோடு சாவதாகச் சபதம் எடுத்தவர்கள். மன்னன் இறந்து எரியூட்டும்போது அவனுடைய அணுக்கர்கள் தாங்களும் தீயில் பாய்வார்கள் என்று 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். சரித்திர நாவல் படித்தவர்களுக்குப் பெயர் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் சொல் குறிப்பது ஆபத்தில் யாருக்கும் ஓடி வந்து உதவும் ஆளை இல்லை. ஒரே ஒருவனுக்காக உயிரை வைப்பவனை.

வேளைக்காரரும் அதே இனம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வலங்கை வேளைக்காரப் படைகள் எனப் பல படைப் பெயர்கள் உண்டு. இலங்கையிலும் இருந்தார்கள். பொலன்னறுவையில் புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு தமிழிலேயே கல்வெட்டு வெட்டி வைத்தவர்கள் மூன்றுகைத் திருவேளைக்காரர்கள். அந்த அளவில் பெருமையான பெயர்தான். ஆனால் இலங்கை மன்னன் முதலாம் விஜயபாகு சோழர்மேல் படையெடுக்கச் சொன்னபோது, அவனுக்கு எதிராகவே கிளர்ந்தவர்களும் வேளைக்காரர்தான் என்று இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் விவரம் தெரிந்த ஒருவர் இல்லத்து வாசலில் இந்தப் பலகையைப் பார்த்தால் சிரித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். இன்னொன்று, இப்போது கேட்பவருக்கு வேளைக்காரர் என்பது வேலைக்காரர் என்றுதான் காதில் விழும்.

பழைய சொல்தான் வேண்டும் என்று நிர்வாகம் பிடிவாதம் பிடித்தால் திருமெய்காப்பு பொருளளவில் பொருந்தி வரும். கோயிலையும் அதன் உடைமைகளையும் காக்க ஊர்ச் சபைகள் அனுப்ப வேண்டிய ஆட்களைத் தஞ்சைக் கல்வெட்டில் இராஜராஜன் அப்படிக் குறிக்கிறான். ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து, அனுப்புகிற ஊரே கொடுக்க வேண்டும். ஆனால் அதிலும் “மெய்காவல்” இன்றுவரை கோயில் பணியிடப் பெயராக இருக்கிறது. குழந்தைகள் இல்லத்தில் போட்டால் ஏதோ சந்நிதி இருக்கிறது என்று நினைப்பார்கள்.

பாடிகாவல் பற்றி யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஊரைக் காப்பதைக் குறிக்கும் அது, காவலுக்காக ஊர் கட்டும் வரியின் பெயரும்கூட. புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்வெட்டுகளில் அந்த உரிமையை வட்டாரத் தலைவர்களான அரையர்களுக்கு விற்றதையே பார்க்கலாம். பின்னால் பாளையக்காரர் காலத்தில் தேசகாவல், ஸ்தலகாவல் என்று இரண்டு வகைக் கட்டணம் வசூலானது. பணம் கொடுக்காத ஊரில் திருட்டு நடக்கும், திருடியது யார் என்று எல்லாருக்கும் தெரியும். இதற்கு மாற்றாகத்தான் ஆங்கில அரசு 1859-இல் சம்பளப் போலீஸுக்குச் சட்டம் கொண்டுவந்தது. தன்னார்வலர்களுக்கு அந்தப் பெயர் எப்படி ஒட்டும்?

---

பதிவறை எழுதியது:

கல்லெழுத்து சொன்ன இலக்கணம் சரி. ஆனால் ஊர்க்காவல் படை என்பது ஓர் அமைப்பின் பெயராக அரசு எழுதும் வடிவம். அமைப்புப் பெயரை நாம் திருத்தக் கூடாது. தமிழ்நாட்டுப் பதிப்பில் க் இருக்கட்டும். மெய்க்காப்பாளருக்கும் நாளிதழ் வழக்கு க் போட்டுத்தான் ஓடுகிறது. மெய்க்குக் காப்பாளர் என்று விரித்து அதை நியாயப்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு கையேட்டுக்குள் இரண்டும் கலந்து வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ரோந்துக் குழுவுக்கு “இரவுக் கண்காணிப்புக் குழு” என்று வைத்துவிட்டுப் போங்கள். போலீஸைப் போலத் தடுக்கவோ பிடிக்கவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. பார்த்துச் சொல்வதுதான் வேலை. காவல் என்ற சொல் பெயரில் இருந்தால், இரண்டாம் மாதமே யாராவது லத்தி வாங்கிக்கொண்டு வருவார்.

---

அலையாத்தி எழுதியது:

கடற்கரைச் சுற்றுலாப் பகுதி கையேட்டில் இருக்குமானால் இன்னும் இரண்டு.

லைஃப்கார்டு “உயிர்காப்பாளர்”. உயிர்க்காவலர் என்று எழுதினால் போலீஸ் வாடை வந்துவிடும். இலங்கையிலும் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவு என்றே இருப்பதால் இரண்டு பதிப்புக்கும் பொது.

கோஸ்ட் கார்டு இந்தியப் பதிப்பில் “இந்தியக் கடலோரக் காவல் படை”, மத்திய அரசுடையது. தமிழ்நாடு காவல்துறையின் கடல் பிரிவு “கடலோரப் பாதுகாப்புக் குழுமம்”. செய்திகளிலேயே இவை இரண்டும் குழம்பும். இலங்கையில் “கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம்”.

ரயில் பயண விதிகளில் “கார்டு” என்று வந்தால் அவர் காவல் காப்பவர் இல்லை, வண்டியின் கடைசிப் பெட்டியில் இருந்து அதன் ஓட்டத்துக்குப் பொறுப்பேற்பவர். 2022 முதல் இந்திய ரயில்வே அந்தப் பதவியை ரயில் மேலாளர் என்று மாற்றிவிட்டது. ரயிலில் பிள்ளைக்கு ஏதாவது என்றால் அணுக வேண்டியது ரயில்வே பாதுகாப்புப் படை அல்லது இருப்புப்பாதைக் காவல் நிலையம்.

---

மொழிமேசை எழுதியது:

நிர்வாகத்தில் பேசினேன், இரவுக் கண்காணிப்புக் குழு என்பதற்கு ஒப்புக்கொண்டார்கள். கடைசியாக ஒரு வாக்கியம் பாருங்கள்:

“பாதுகாவலர் அல்லாத எவரிடமும் காவலாளி பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது, ஐயம் இருப்பின் விடுதிக் காப்பாளரை அழைக்கவும்.”

---

வழக்கேடு எழுதியது:

“பாதுகாவலர் அல்லாத எவரிடமும்” என்றால், பாதுகாவலர் என்று சொல்லிக்கொண்டு வருபவர் எல்லாரும் தப்பிவிடுவார்கள். காவலாளிக்கு ஒப்படைக்கும் அதிகாரமே இருக்கக் கூடாது. இப்படி மாற்றுங்கள்: “பிள்ளையை அழைத்துச் செல்ல யார் வந்தாலும் காவலாளி அவரை வாசலில் அமரவைத்து விடுதிக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் பெயரும் படமும் உள்ள பாதுகாவலரிடம் மட்டும், கையெழுத்துப் பெற்றுக்கொண்டு, விடுதிக் காப்பாளரே பிள்ளையை ஒப்படைப்பார்.”

யாழ்ப்பாணப் பதிப்பில் விடுதிக் காப்பாளர் என்பதை அங்கே இல்லத்துக்குப் பொறுப்பானவரின் பதவிப் பெயரைக் கேட்டு மாற்றுங்கள். மற்றபடி அதே வாசகம் போதும்.